ஹைப்போ காணாத படம்

செங்கோட்டை
வைகாசி 28

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டதாக நீ எழுதியிருந்ததை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவன இங்கன வந்து ஒரு சாரல் காலம் இருக்கச் சொல்லு, தன்னால சரியாப் போவும்" என்றாள். அவளுக்கு எந்த நோய்க்கும் குற்றாலம்தான் மருந்து. மேற்கே இரண்டு நாளாக மலை தெரியவில்லை, மூடிக்கிடக்கிறது. பஸ் ஸ்டாண்டில் பலாப்பழ வாசனை. மற்றபடி ஊர் நீ விட்டுப்போன மாதிரிதான்.

சேதி இதுதான். சின்னவள் முழுகாமல் இருக்கிறாள். ஐந்தாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம், எத்தனை கோயில், எத்தனை டாக்டர் என்று உனக்குத் தெரியாததில்லை. முன்னமே உனக்கு எழுதாததற்கு அக்காதான் காரணம். ஐந்து மாதம் கழியாமல் அசலூருக்குத் தாக்கல் போகக்கூடாது என்று கட்டளை. தினம் போனில் பேசுகிற உனக்கே சொல்லாமல் நானும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டு எப்படி உடைந்தது தெரியுமா? புனலூர்ச் சம்பந்தியம்மா ஸ்கேன் படத்தை எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். "எங்கள் புதிய விருந்தாளி" என்று மலையாளத்தில் ஒரு வரி, இரண்டு பூ. அரைமணி நேரத்தில் குவைத்திலிருந்து, மதுரையிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ போன். அக்கா பதறிப்போனாள். பிறந்த பிள்ளைக்கே மூன்று மாதம் வரை படம் எடுக்க விடாதவள் அவள். நம் ஸ்டுடியோ வீட்டிலேயே அந்தச் சட்டம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்பாள் ஆச்சி, படம் எடுத்துத்தான் சோறு தின்கிறோம் என்பார் அப்பா.

கடைசியில் அக்கா ஒரு சமாதானத்துக்கு வந்தாள். படத்தை பிரிண்ட் போட்டு, அதில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துத் தரவேண்டும். அலமாரியில் கிடந்த, போட்டோவில் புள்ளி திருத்துகிற ஸ்பாட்டிங் பிரஷ்ஷை, அதுதான் ஒரே மயிர் நிற்கிற உன் பழைய பிரஷ், எடுத்து மை தொட்டு உட்கார்ந்தேன். எங்கே வைக்க? படமே முக்கால்வாசி கறுப்பு. கறுப்பில் கறுப்புப் பொட்டு தெரியாது. கன்னம் எது, காது எது என்று அக்காவும் நானும் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒடுக்கம், வெள்ளையாகத் தெரிந்த ஒரு இடத்தில் வைத்தேன். சின்னவள் போனில் பார்த்துவிட்டு, "அப்பா, அது தொடையெலும்பு" என்றாள்.

இப்போது உன் தொழிலுக்கு வருகிறேன். நீ ஸ்டுடியோவை விட்டு ஐ.டி.ஐ. முடித்துத் திருவெறும்பூருக்குப் போய், பாய்லர் குழாய் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று சத்தம் விட்டுப் பார்க்கிற வேலையில் சேர்ந்தாய். லீவில் வந்தபோது என் மேஜையில் சாக்பீஸால் வரைந்து காட்டினாய். கருவிக்கும் இரும்புக்கும் நடுவில் காற்று இருந்தால் சத்தம் உள்ளே நுழையாது, அதற்குத்தான் கிரீஸ் தடவுகிறோம் என்றாய். புனலூரில் சின்னவளோடு நானும் ஸ்கேனுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை உள்ளே போனார், நான் கதவுக்கு வெளியே. "ஜெல் ஒரே குளிர்ச்சி" என்றாள் வந்து. எனக்கு உன் கிரீஸ் டப்பாதான் ஞாபகம் வந்தது.

உனக்கு இது தெரிந்திருக்கலாம், தெரியாவிட்டால் சந்தோஷப்படுவாய். இந்த ஸ்கேனே பாய்லர் தொழிற்சாலையிலிருந்துதான் வந்திருக்கிறது. கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்றொரு மகப்பேறு மருத்துவர். 1955-ல், அறுவை செய்து எடுத்த கட்டிகளையெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு, பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற பாய்லர் கம்பெனிக்குப் போனாராம். உலோகத்தில் விரிசல் பார்க்கிற கருவியில் அந்தக் கட்டிகளை வைத்துப் பார்த்தார். ஒப்பிடுவதற்குக் கம்பெனிக்காரர்கள் பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்றைக் கொடுத்தார்களாம். நீர்க்கட்டி ஒரு மாதிரி எதிரொலித்தது, கெட்டிக்கட்டி வேறு மாதிரி. பிறகு டாம் பிரவுன் என்ற பொறியாளரும் ஜான் மக்விகார் என்ற டாக்டரும் சேர்ந்துகொள்ள, 1958-ல் லான்செட் பத்திரிகையில் கட்டுரை வந்தது. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் எதிரொலிப் படமும் அதில் இருந்தது. நீ இரும்புக்குள் விட்டதும் விநாடிக்கு நாற்பது லட்சம் அதிர்வு என்று சொன்ன ஞாபகம். பிள்ளைக்கு விடுவதும் ஏறக்குறைய அதே கணக்குதானாம். நம் காதுக்கு இருபதாயிரத்துக்கு மேல் எட்டாது.

ஆக, வெளிச்சமே படாத படம் இது. லென்ஸ் இல்லை, ஷட்டர் இல்லை. இதைப் போட்டோ என்று சொல்லலாமா என்று எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. இப்போது பிள்ளை முகமே தெரிகிற மாதிரி த்ரீடி படம் வருகிறது, பார்த்திருப்பாய், பொன்னிறமாக, செப்பியா டோனில். அந்த நிறம் யாரோ கம்ப்யூட்டரில் விருப்பத்துக்குக் கொடுத்தது. நாம் செப்பியா கேட்டவர்களுக்கு சோடியம் சல்பைடில் முக்கி எடுத்து, அழுகிய முட்டை நாற்றத்தோடு வீட்டுக்குப் போனதை நினைத்தேன். பழைய படத்துக்குத்தான் அந்த நிறம் என்று பழகியிருந்தோம். இன்னும் பிறக்காத பிள்ளைக்கு அதைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் கேள், டாக்டர் அந்த அறையில் பார்ப்பது போட்டோ இல்லை. உன் வேலையைத்தான் அவர் பார்க்கிறார். ஐந்தாம் மாத ஸ்கேன் குறை பார்க்கிற ஸ்கேன். இருதயத்தில் நாலு அறை இருக்கிறதா, முதுகெலும்பு மூடியிருக்கிறதா, உதடு பிளந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கிறார். தலையின் அகலம், தொடையெலும்பின் நீளம் என்று புள்ளி வைத்து அளக்கிறார். நம் ஆட்கள் அந்த அளவுகளையெல்லாம் விட்டுவிட்டு, மூக்கு யாருடையது என்று சண்டை போடுகிறார்கள். "குஞ்ஞினு குழப்பமொன்னும் இல்லா", பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, என்று டாக்டர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒன்றேகால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெல்டிங்கைப் பார்த்து 'ஓகே' என்று நீ சாக்பீஸில் எழுதும்போது, அந்தக் குழாயைச் செய்தவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்னவோ.

உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே அறிவிப்புப் பலகை. பிள்ளை ஆணா பெண்ணா என்று இங்கே பார்த்துச் சொல்லமாட்டோம், அது குற்றம் என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும். சின்னவள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். எஃப் படிவம் என்று பெயர். பிள்ளை ஆணா பெண்ணா என்று அறிய எனக்கு விருப்பமில்லை என்று தாய் எழுதிக்கொடுக்க வேண்டும். நாம் எத்தனை ஆயிரம் குடும்பப் படம் எடுத்திருப்போம்! படத்தில் இருப்பது யார் என்று கேட்கமாட்டேன் என்று யாராவது கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்ததுண்டா?

வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று எனக்கும் தெரியும். 1994-ல் போட்டு, 1996-லிருந்து நடப்புக்கு வந்து, 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். வாயால் மட்டுமில்லை, சைகையாலோ வேறு எந்த விதத்தாலோ சொல்லக்கூடாது என்று அதில் இருக்கிறது. லட்டு என்றால் பையன், ஜிலேபி என்றால் பெண் என்று சொல்லாமல் சொன்ன காலத்துக்கு வைத்த பூட்டு அது. 2011 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளில் ஆயிரம் பையன்களுக்கு நாடு முழுக்க 919 பெண்பிள்ளைகள்தான். தமிழ்நாட்டில் 943. புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டினால், கேரளத்தில் 964. ஒரே மலை, ஒரே மழை.

இது ஒரு பக்கம். மெல்போர்னில் இருக்கிற என் தங்கை மகன் போன வருஷம் ஒரு வீடியோ அனுப்பினான். ஸ்கேனில் தெரிந்ததை டாக்டர் கவரில் போட்டு ஒட்டிக்கொடுக்க, அதை நேரே கேக்குக் கடையில் கொடுத்திருக்கிறார்கள். கேக்கை வெட்டினால் உள்ளே ரோஸ். ஒரே கூச்சல், கட்டிப்பிடித்தல். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "பொம்பளப் பிள்ளன்னு தெரிஞ்சா இப்பிடிச் சிரிக்காங்க?" என்று கேட்டாள். குத்தலா ஆச்சரியமா என்று பிரிக்க முடியாத குரல். நான் பதில் சொல்லவில்லை. அவள் மூன்று பெண் பெற்றவள். அந்த வீட்டில் அவளை என்ன பாடு படுத்தினார்கள் என்று உனக்குத் தெரியும்.

அங்கெல்லாம் மருத்துவத்துக்கு இல்லாமல், ஞாபகப் படத்துக்கென்றே வயிற்றை ஸ்கேன் எடுத்துக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றனவாம். வியாபாரம் படுத்துக்கிடக்கிற இந்த நாளில் நானும் ஒரு மிஷின் வாங்கிப் போட்டிருக்கலாம். மூன்று வருஷம் பாளையங்கோட்டை ஜெயிலில் சாப்பாடு இலவசம்!

சரி, நான் உனக்கு எழுத நினைத்தது இது எதுவும் இல்லை.

ஸ்டுடியோவில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறதே, தேக்குச் சட்டம் போட்டது, அதன் எதிர்ச்சுவரில் அம்மாவின் படம் இன்னும் மாட்டியிருக்கிறது. 1957-ல் அப்பா எடுத்தது. செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்த மறு வருஷம். எல்லை புளியரைக்குப் போன பிறகும் பிரானூரை இன்னும் 'பார்டர்' என்றுதான் சொல்கிறோம், அந்தப் பழக்கம் போகவில்லை. அந்தப் படத்தில் அம்மாவுக்கு ஏழாம் மாதம். வாழைமட்டையில் மல்லிகை மொட்டு தைத்த சடை, ராக்கொடி, குஞ்சலம். அரைவாசி திரும்பி நிற்கிறாள். முகம் நமக்கு, பின்னல் கண்ணாடிக்கு. கை நிறைய வளையல். உள்ளே நான் இருக்கிறேன். என்னுடைய முதல் படம் அதுதான், நான் எங்கும் தெரியமாட்டேன்.

இப்போது சின்னவளின் ஸ்கேன் படத்தை எடுத்துப் பார். விசிறி மாதிரி விரிந்த ஒரு கீற்று, அதற்குள் பிள்ளை. மேலே இங்கிலீஷில் அவள் பெயர், வயசு. பெயர் மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை. பிள்ளையைச் சுற்றி அந்தச் சாம்பல் நிறம் முழுக்க அவள்தான், ஆனால் யாரும் அவளைப் பார்ப்பதில்லை. ஸ்டேட்டஸ் போட்ட சம்பந்தியம்மா அந்தப் பெயர் இருந்த ஓரத்தை வெட்டிவிட்டுப் போட்டிருந்தார். தப்பாக ஒன்றுமில்லை, அழகாக இருக்கட்டும் என்று வெட்டியிருப்பார். ஆனால் எனக்கு அது உறுத்தியது. அவர்கள் பக்கத்தில் 'வயறு காணல்' என்றே ஒரு சடங்கு உண்டு. பெண்வீட்டார் பலகாரத்தோடு போய் மகளின் வயிற்றைப் பார்த்துவிட்டு வருவது. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். பார்க்கப் போவது அவளை. இப்போது வயிறு காணாமல் போய் பிள்ளை மட்டும் தெரிகிறது.

இன்னொன்றும் நடந்தது. இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் வந்தார்கள். ஆரியங்காவுப் பக்கம் ரப்பர் வெட்டுகிற குடும்பம், தமிழ்க்காரர்கள்தான். அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, அதற்குள் இருந்த துணியைப் பிரித்து, ஒரு ஸ்கேன் படத்தை மேஜையில் வைத்தாள். "அண்ணாச்சி, இத கெடாம ஆக்கித் தரணும்." ஓரம் வெளிறத் தொடங்கியிருந்தது. லேமினேஷன் போட்டுவிடலாம் என்றேன். ஆதாரும் ரேஷன் கார்டும் போட்டுப் போட்டு கை தானாகப் போகிறது. மிஷின் சூடாகத்தான் இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து உள்ளே விட்டேன்.

முத்தையா, அது தெர்மல் பேப்பர். பஸ் டிக்கெட், ஏ.டி.எம். சீட்டு எல்லாம் அச்சாகிற அதே ஜாதி. மையே கிடையாது. தாளிலேயே மருந்து பூசியிருக்கும், சூடு பட்ட இடம் கறுக்கும், அவ்வளவுதான். அதற்கப்புறம் அதை நிறுத்திவைக்க ஒன்றும் செய்வதில்லை. நம் பாஷையில் சொன்னால், டெவலப் பண்ணி, படத்தை நிலைக்கவைக்கிற ஹைப்போ மருந்தில் போடாமல் கையில் கொடுத்த படம். பில் சீட்டு கறுக்கும் என்று எனக்குத் தெரியும். இது பளபளவென்று புரோமைடு பேப்பர் மாதிரி இருந்தது, அதில் ஏமாந்தேன். ஐம்பது வருஷம் பேப்பரைத் தொட்டவன், விரல் நுனியில் தெரிந்திருக்க வேண்டும்.

உருளையிலிருந்து வெளியே வந்த முதல் அங்குலமே கறுப்பு. மிஷினை நிறுத்துவதற்குள் முழுசும் வந்துவிட்டது. கண்ணாடி மாதிரி வழவழப்பாக ஒரு கறுப்பு அட்டை. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் தெளியலையா அண்ணாச்சி?" என்றாள். கொஞ்ச நேரத்தில் படம் வந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவள் ஒன்றும் பேசவில்லை. அவன்தான் மெள்ளச் சொன்னான், அந்தப் பிள்ளை தங்கவில்லை, ஆறாம் மாதத்தில் போய்விட்டது, இது ஒன்றுதான் இருந்தது என்று.

நீயும் நானும் பண்பொழிப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனோமே, 1976 என்று நினைக்கிறேன். ஒன்றரை வயசுப் பிள்ளை, காய்ச்சலில் போனது. இருந்தவரைக்கும் ஒரு படம் எடுக்கவில்லை என்று தாய் அழுது, போன பிறகு மடியில் வைத்து எடுத்தோம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து, மூடியிருந்த கண்ணைத் திறந்து வரைந்து கொடுத்தாய். அது நம் தொழில், செய்தோம். இந்தப் பிள்ளைக்கு யாராவது ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தாலும் படம் எடுக்க முடிந்திருக்காது. தூக்கிக் காட்டக்கூட விடவில்லையாம்.

கொஞ்சநேரம் கழித்து அவன் போனை எடுத்தான். ஸ்கேன் எடுத்த அன்றைக்கே சவுதியில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்ப, அந்தத் தாளைக் கையில் பிடித்துப் படம் எடுத்திருக்கிறான். பழைய மெசேஜில் தேடித்தேடிக் கண்டுபிடித்தான். கொஞ்சம் சாய்ந்த படம், மேலே ஜன்னல் வெளிச்சம் அடித்திருக்கிறது. கீழ்மூலையில் அவன் கட்டைவிரல், ரப்பர் பால் காய்ந்து நகமெல்லாம் கறுத்து, படத்துக்குள் பாதி வந்திருக்கிறது.

சாய்வை நிமிர்த்தினேன், வெளிச்சத்தைக் குறைத்தேன். விரலை எடுத்துவிடலாமா, எடுத்த இடம் தெரியாமல் செய்துவிடுவேன் என்றேன். அவள் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அது இருக்கட்டும்" என்றாள். மேலே அவள் பெயரும் வயசும் தெளிவாக இருந்தன. அதையும் வெட்டவில்லை.

தென்காசி லேபுக்கு அனுப்பி, போட்டோ பேப்பரிலேயே போட்டு வாங்கினேன். இரண்டு பிரதி. மறுவாரம் அவன் மட்டும் வந்து வாங்கிக்கொண்டு போனான். பணம் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "லேமினேஷனுக்கு இருபது" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்தக் கறுப்பு அட்டையை அவர்கள் கேட்கவில்லை. இழுப்பறையில் கிடக்கிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை.

அதனால்தான் சின்னவளுடைய தாளை வாங்கின அன்றைக்கே, மாப்பிள்ளையைப் பிடிக்கச் சொல்லி நானே என் கேமராவில் காப்பி எடுத்தேன். விரல் தெரியப் பிடிங்க என்றேன். மாமனாருக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார். எண்ணெய் படாமல், வெயில் படாமல், பிளாஸ்டிக் உறையில் போடாமல் வை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். பிளாஸ்டிக்கும் இந்தத் தாளுக்கு ஆகாது.

இப்போது உன்னிடம் ஒரு காரியம். ஆடி கழிந்து ஆவணி முதல் வாரம் வளைகாப்பு வைத்திருக்கிறோம். அவர்கள் பலகாரத்தோடு இங்கே வருகிறார்கள், மொத்தச் சடங்கும் இங்கேதான். சின்னவள் ஒன்றே ஒன்று கேட்டாள். அவள் ஆச்சி அந்தப் படத்தில் நிற்கிற மாதிரி அவளுக்கும் அந்தக் கண்ணாடியில் ஒரு படம் வேண்டுமாம். கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது. லைட் ஸ்டாண்டால் நீ இடித்த மூலையில் அந்த விரிசலும் இருக்கிறது. விரிசலை உண்டாக்கிவிட்டுத்தானே விரிசல் தேடுகிற உத்தியோகத்துக்குப் போனாய்!

எனக்கு முகமும் பின்னலும் சேர்ந்து விழுகிற கோணம் மறந்துபோயிற்று. போன வாரம் அக்காவை நிற்கவைத்துப் பார்த்தேன். ஒன்று கேமரா கண்ணாடியில் தெரிகிறது, இல்லாவிட்டால் விளக்கு சுள்ளென்று அடிக்கிறது. அப்பா கேமராவுக்குக் கறுப்புத் துணி போட்டு மூடுவார், சரி. கண்ணாடியை எவ்வளவு சாய்ப்பார்? அடியில் ஆப்புக்கட்டையைச் செருகிக்கொண்டு தரையில் படுத்துக்கிடந்தவன் நீ. உன் கைக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும்.

பொதிகையில் ஏறி வா. முட்டு வலியோடு தரையில் படுக்கவேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து சொல், நான் படுக்கிறேன். கட்டையைத் தேடி வைத்திருக்கிறேன், ஒரு பக்கம் செல்லரித்திருக்கிறது, மாற்ற வேண்டுமா என்று மட்டும் போனில் சொல்.

உன்
ஸ்டுடியோ சுப்பையா